சட்டத்துக்குள் சூரியன்: பழைய வான்படங்களும் அவை விட்டு வந்த வாதமும்

பழைய வரைபடங்களின் மறுபதிப்புகளை விற்கும் கடைகளில் ஒரு வகைப் படம் அடிக்கடி கண்ணில் படும். நடுவில் கதிர் வீசும் சூரியன், அதைச் சுற்றி ஒன்றையொன்று சூழ்ந்த வட்டங்கள், வட்டங்களின் மேல் கோள்கள், வெளி விளிம்பில் இராசிச் சக்கரம், மூலைகளில் மேகங்களும் சிறகு முளைத்த குழந்தைகளும் கருவிகளோடு அமர்ந்த அறிஞர்களும் என்று அதன் அமைப்பு ஏறக்குறைய மாறாமல் இருக்கும். வரவேற்பறையிலும் படிப்பறையிலும் அதை மாட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் அதை அறிவியலின் வெற்றிச் சின்னமாகவே எண்ணுகிறார்கள்; பூமி மையத்திலிருந்து இறங்கியதையும் சூரியன் அங்கே ஏறியதையும் அறிவிக்கும் பிரகடனமாக அதைக் கொள்கிறார்கள். அந்த எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது. இந்தப் படங்களில் மிகவும் புகழ்பெற்றவை ஒரு நீண்ட வாதத்தின் நடுப்பக்கங்களாக அச்சிடப்பட்டவை. அந்த வாதத்தின் மற்றப் பக்கங்களை விட்டு இது ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டமிட்ட பிறகுதான் அது தீர்ப்பைப் போலத் தோன்றத் தொடங்கியது.

இவ்வகைப் படங்களில் முதலிடம் பெறும் தொகுப்பு 1660ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹார்மோனியா மேக்ரோகாஸ்மிக்கா’ என்னும் வான்பட அட்லஸ். பேரண்டத்தின் இசைவு என்ற பொருளுடைய அந்த இலத்தீன் நூலைத் தொகுத்தவர் ஆந்திரேயாஸ் செல்லாரியுஸ். ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகருக்கு அருகில் பிறந்து, ஹாலந்தில் குடியேறி, ஹோர்ன் என்ற துறைமுக நகரின் இலத்தீன் பள்ளியில் 1637 முதல் தலைமையாசிரியராக இருந்தவர் அவர். கோட்டை கட்டும் கலை பற்றியும், சூரியனை மையத்தில் வைத்த வானியலர் கோப்பர்நிக்கஸின் நாடான போலந்தைப் பற்றியும் நூல்கள் எழுதியிருக்கிறார். அவர் வானியல் ஆய்வாளர் அல்லர். நன்றாகப் படித்த பள்ளி ஆசிரியர். நூலை வெளியிட்ட யான் யான்சோனியுஸ், பிளாவ் குடும்பத்தாரோடு போட்டியிட்டு வந்த பெரும் வரைபடப் பதிப்பாளர். நிலத்தையும் கடலையும் பல தொகுதிகளில் அச்சிட்டுவிட்ட அவருக்குத் தம் வரிசையை முழுமையாக்க வானத்துக்கும் ஒரு தொகுதி தேவைப்பட்டது. ஆகவே இந்த நூல் பிறந்ததற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் காரணமாக இருக்கவில்லை. வசதி படைத்த வாசகர்களின் அலமாரியில் காலியாக இருந்த இடமே காரணம்.

அந்த அட்லஸில் இரட்டைப் பக்க அளவிலான 29 செப்புத்தகட்டுப் படங்கள் இருக்கின்றன. முதல் 21 படங்கள் பேரண்டத்தின் அமைப்பையும் கோள்களின் இயக்கத்தையும் விளக்குகின்றன. கடைசி 8 படங்கள் விண்மீன் கூட்டங்களைக் காட்டுகின்றன. நூலைத் திறந்தவுடன் முதலில் வருவது பண்டைக் கிரேக்க வானியலர் தாலமியின் பேரண்டம். பூமி அசையாமல் நடுவில் நிற்க, சந்திரன் முதல் சனி வரை யாவும் அதைச் சுற்றும் பழைய அமைப்பு அது. அதன் பிறகு கோப்பர்நிக்கஸின் அமைப்பு இரண்டு படங்களில் வருகிறது. அதைத் தொடர்ந்து டென்மார்க்கு வானியலர் டைக்கோ பிராகியின் அமைப்பு: மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றும், அவை அனைத்தையும் இழுத்துக்கொண்டு சூரியன் பூமியைச் சுற்றும். அதற்கும் அடுத்து, கிரேக்கக் கவிஞர் ஆரட்டசின் பேரில் வழங்கும் ஓர் அமைப்பு. அதில் புதனும் வெள்ளியும் மட்டும் சூரியனைச் சுற்றுகின்றன. இத்தனைக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே தரமான செதுக்கு வேலை, ஒரே தாராளமான அலங்காரம். எந்தப் படமும் மற்றொன்றைவிட மங்கலாக வரையப்படவில்லை. விண்மீன் படங்களிலும் இதே தாராளம் உண்டு. இராசி உருவங்களையும் கிரேக்கப் புராண உருவங்களையும் நீக்கிவிட்டு அந்த இடங்களில் அப்போஸ்தலர்களையும் பைபிள் பாத்திரங்களையும் அமர்த்திய யூலியுஸ் ஷில்லரின் 1627ஆம் ஆண்டுக் கிறித்தவ வானத்துக்குக்கூடச் செல்லாரியுஸ் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

இன்று சுவர்களில் தொங்கும் சூரிய மையப் படங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு கோப்பர்நிக்கஸ் தகடுகளிலிருந்து வந்தவை. ஒன்று தட்டையான வட்டப்படம். கோப்பர்நிக்கஸின் கருதுகோளின்படி படைக்கப்பட்ட பேரண்டம் முழுவதும் சமதளத்தில் காட்டப்பட்டுள்ளது என்று அதன் நீண்ட இலத்தீன் தலைப்பே சொல்லிவிடுகிறது. அதன் கீழ் மூலைகளில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் கோப்பர்நிக்கஸ் என்று கருதப்படுகிறது. மற்றொரு தகடு அதே அமைப்பைச் சாய்ந்த கோணத்தில், ஆழம் தோன்றும்படி காட்டுகிறது. சூரியனைச் சுற்றும் பாதையில் பூமி நான்கு இடங்களில் வரையப்பட்டிருப்பதால், ஓர் ஆண்டின் நான்கு பருவங்களும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன. பூமியின் அச்சு எப்போதும் ஒரே திசையில் சாய்ந்து நிற்பதால்தான் வெயிலும் குளிரும் மாறி மாறி வருகின்றன என்ற செய்தியை இவ்வளவு நேர்த்தியாகச் சொன்ன பழைய படங்கள் மிகச் சில. என் பார்வையில், அலங்காரத்தை மீறி உண்மையிலேயே எதையோ கற்பிக்கும் தகடு இந்த இரண்டாவதுதான். கடைகளில் முன்னே நிற்பது என்னவோ முதலாவது.

இந்த நடுநிலையை அச்சத்தின் விளைவு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. கோப்பர்நிக்கஸின் பெருநூல் 1543இல் நியூரம்பெர்க்கில் அச்சாயிற்று. 1616இல் ரோமாபுரியின் கத்தோலிக்கத் திருச்சபை அதைத் திருத்தும் வரை நிறுத்தி வைத்தது. 1633இல் கலிலியோவை விசாரித்துத் தண்டித்தது. அந்தத் தடை ஆம்ஸ்டர்டாமின் அச்சகங்களைக் கட்டுப்படுத்தவில்லை. கலிலியோவின் கடைசி நூலே 1638இல் லெய்டனில்தான் வெளியானது. ஹாலந்தின் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்களுக்குள்ளும் இரு தரப்பு இருந்தது: பூமியின் இயக்கம் வேதத்துக்கு முரணானது என்று வாதிட்டவர்களும் உண்டு, பிலிப் லான்ஸ்பெர்கனைப் போல வெளிப்படையாகக் கோப்பர்நிக்கஸை ஆதரித்தவர்களும் உண்டு. வேண்டுமென்றால் செல்லாரியுஸ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆனால் 1660இல் பூமி நகர்கிறது என்பதற்கு நேரடிச் சான்று எவரிடமும் இருக்கவில்லை. பூமி உண்மையிலேயே சூரியனைச் சுற்றுமானால், ஆண்டின் வெவ்வேறு காலங்களில் அருகிலுள்ள விண்மீன்கள் சற்று இடம் பெயர்ந்து தெரிய வேண்டும் என்பது டைக்கோ எழுப்பிய வலுவான மறுப்பு. அந்தப் பெயர்ச்சியை ஒருவராலும் காண முடியவில்லை. ஜேம்ஸ் பிராட்லி விண்மீன் ஒளியின் பிறழ்ச்சியை, அதாவது பூமி நகர்வதால் அந்த ஒளி வரும் திசை சற்று மாறித் தெரிவதை, விளக்கியது 1720களின் இறுதியில். ஃபிரீட்ரிக் பெசல் ஒரு விண்மீனின் இடப்பெயர்ச்சியை அளந்து காட்டியது 1838இல். செல்லாரியுஸின் அட்லஸ் வெளிவருவதற்கு 9 ஆண்டுகளுக்கு முன், 1651இல், இத்தாலியின் இயேசு சபை வானியலர் ரிச்சோலி தம் பெருநூலின் முகப்புப் படத்தில் இரண்டு அமைப்புகளைத் தராசில் நிறுத்தினார். டைக்கோவின் அமைப்பைத் தாம் திருத்திய வடிவமே கனமாகத் தட்டைத் தாழ்த்துவதாகவும், கோப்பர்நிக்கஸின் தட்டு மேலே போவதாகவும், தாலமி தரையில் சாய்ந்து கிடப்பதாகவும் அதை வரையச் செய்தார். அன்றைய நிலவரம் அதுதான்: தாலமி ஏறக்குறைய விழுந்துவிட்டார், எஞ்சிய இருவருக்கிடையில் வழக்கு நிலுவையில் இருந்தது.

படத்தின் அழகும் அந்த வழக்கைப் பற்றிச் சில உண்மைகளை மறைக்கிறது. கோப்பர்நிக்கஸ் கொள்கையின் மிகப் பெரிய வலிமை, கோள்களின் வரிசையையும் தூரத்தையும் ஒரே கணக்கில் கட்டிப் போட்டது. தாலமியின் முறையில் ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். அவற்றின் ஒப்புத்தூரத்தை அந்தக் கணக்குகள் தாமாகவே தந்துவிடுவதில்லை. பூமியையும் ஒரு கோளாக்கிவிட்டாலோ, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தை 1 என்று கொண்டால் புதன் ஏறத்தாழ 0.38, வெள்ளி 0.72, செவ்வாய் 1.52, வியாழன் 5.2, சனி 9க்குச் சற்று மேல் என்று எல்லாத் தூரங்களும் தாமே வந்து விழுகின்றன. வானியலர் சிலரைக் கோப்பர்நிக்கஸின் பக்கம் இழுத்த பொருத்தம் இதுவே. ஆனால் செல்லாரியுஸின் வட்டங்களில் இந்த அளவு கிடையாது. கோள்கள் எல்லாம் தாளுக்குள் வசதியாக அடங்க வேண்டும் என்பதற்காக வட்டங்கள் நெருக்கி வரையப்பட்டுள்ளன. அளவு பிசகாமல் வரைந்து, பூமியின் பாதைக்கு 2 செண்டிமீட்டர் ஆரம் கொடுத்தால், சனியின் பாதைக்கு 19 செண்டிமீட்டர் ஆரம் வேண்டும். புதன் சூரியனுக்குள் புகுந்தது போல ஒட்டிக் கிடக்கும். விளிம்பில் விண்மீன்களை வைக்கவோ இயலாது. மிக அருகிலுள்ள விண்மீனைக்கூட அந்த அளவில் வரைய வேண்டுமானால் சுவரிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் நடந்து போக வேண்டியிருக்கும்.

வட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் 1609இல் எழுதிவிட்டார். அரை நூற்றாண்டு கழித்து வந்த கோப்பர்நிக்கஸ் தகடுகளில் அந்த நீள்வட்டம் தலைகாட்டவில்லை. கோப்பர்நிக்கஸே முழுவட்டத்தை விட்டுக்கொடுக்காதவர் என்பதால் இதைத் தவறு என்று சொல்ல முடியாது. அவருடைய அமைப்பு அவருடைய வடிவிலேயே காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கெப்ளருக்கென்று தனியே ஒரு தகடு இல்லை. கலிலியோ 1610இல் தொலைநோக்கியில் கண்டு அறிவித்த வியாழனின் நான்கு நிலவுகள் மட்டும் வியாழனைச் சுற்றி இடம் பெற்றிருக்கின்றன. அழகுக்கு இடையூறு செய்யாத புதுமை உள்ளே வந்தது, வட்டத்தைக் குலைக்கும் புதுமை வெளியே நின்றது என்று இதைப் படிப்பது சற்றுக் கடுமையாகப் படலாம். எனக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது.

இந்த அட்லஸின் பிற்கால வரலாறு என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. 1687இல் நியூட்டன் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். அதற்கு 21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1708இல், பழைய செப்புத் தகடுகள் கைமாறிச் சேர்ந்த ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர்களான பீட்டர் ஷெங்க்கும் ஜெரார்டு வால்க்கும் அதே படங்களைத் தங்கள் பெயரைப் பொறித்து மறுபடியும் விற்றார்கள். தாலமியின் தகடும் அதில் இருந்தது, டைக்கோவின் தகடும் இருந்தது. செல்லாரியுஸின் 200 பக்கங்களுக்கு மேற்பட்ட இலத்தீன் விளக்கவுரை மட்டும் விடப்பட்டது. வாதத்தை எடுத்துவிட்டுப் படங்களை மட்டும் விற்கும் வேலை இன்றைய சுவரொட்டி வணிகர்களுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

அப்படியானால் சூரிய மையப் பேரண்டம் அன்றைய சுவர்களில் தொங்கவே இல்லையா? தொங்கியது, ஆனால் வேறு வடிவில். பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் வரைபடம் வீட்டு அலங்காரப் பொருளாகவே இருந்தது. யோகன்னஸ் வெர்மீரின் ஓவியங்களில் சிரிக்கும் பெண்ணுக்குப் பின்னாலும், ஓவியனின் அறையிலும், சுவரை அடைத்துக்கொண்டு பெரிய நிலப்படங்கள் தொங்குகின்றன. அத்தகைய சுவர்ப்படங்களில் ஒன்றாக யோவான் பிளாவ் 1648இல் ஒரு மாபெரும் உலகப்படத்தை வெளியிட்டார். பல தாள்களை ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்டதாக அமைந்த அந்தப் படத்தில், இரண்டு அரைக்கோளங்களுக்கு மேலே சூரியனைச் சுற்றும் கோள்கள் கோப்பர்நிக்கஸின் முறைப்படி அமைந்துள்ளன. அவருடைய தந்தை வில்லெம் பிளாவ் இளமையில் டைக்கோ பிராகி வானாய்வு நடத்திய வென் தீவில் பயின்றவர் என்றாலும், கோப்பர்நிக்கஸின் அமைப்பைக் காட்டும் கருவிகளையும் செய்து விற்றவர். வணிகர்களும் நகரத் தலைவர்களும் மாட்டிக்கொள்ளும் உலகப்படத்தின் உச்சியில், தலைப்பும் வாதமும் இல்லாமல், சூரியன் நடுவில் வந்து அமர்ந்துவிட்டான். ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்தின் பெருங்கூடத் தரையில் பளிங்கில் பதித்த அரைக்கோளங்களும் பிளாவின் இந்தப் படத்தைப் பின்பற்றியவைதாம்.

இங்கேதான் ஒரு விந்தை. சுவருக்கென்றே செய்யப்பட்ட படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. துணியில் ஒட்டி, மேலும் கீழும் மரக்கழி கோத்து, வண்ணத்தின் மேல் மெருகெண்ணெய் பூசித் தொங்கவிட்ட தாள், விறகடுப்பின் புகையிலும் வெயிலிலும் கறுத்து, விரிசல் விட்டு, சில தலைமுறைகளில் குப்பைக்குப் போனது. வெர்மீர் சிரிக்கும் பெண்ணுக்குப் பின்னால் வரைந்த ஹாலந்து நிலப்படத்தில் எஞ்சியிருப்பதாக அறியப்படும் படி ஒன்றே ஒன்று. அது செல்லாரியுஸ் வாழ்ந்த ஹோர்ன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிளாவின் 1648ஆம் ஆண்டு உலகப்படத்தின் ஒரு படி அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கிறது. இவ்வகைச் சுவர்ப்படங்கள் புதுமை மாறாமல் கிடைப்பது பெரும்பாலும் அவை சுவருக்கே போகாதபோதுதான். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு 1660இல் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பரிசளித்த கிளெங்கே அட்லஸ், ஏறத்தாழ நாற்பது சுவர்ப்படங்களை ஆளுயர நூலாகக் கட்டியது. கட்டிய நூலுக்குள் மூடிக் கிடந்ததால் அவை தப்பின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. செல்லாரியுஸின் படங்களும் நூலுக்குள் கிடந்ததால் தப்பியவையே. ஆக, சுவருக்குச் செய்தவை சுவரில் மாண்டன. படிக்கச் செய்தவை பிழைத்து, பிறகு கிழிக்கப்பட்டுச் சுவருக்கு வந்தன.

கிழிக்கப்பட்டு என்பது மிகைச் சொல் அன்று. இன்று பழம்பொருள் வணிகத்தில் தனித் தாளாக விற்கப்படும் 1660ஆம் ஆண்டு அல்லது 1708ஆம் ஆண்டு அசல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு காலத்தில் ஓர் அட்லஸின் கட்டு பிரிக்கப்பட்டதால் வந்தவை. முழு நூலாக விற்பதைவிட 29 தாள்களாக விற்றால் வருவாய் மிகுதி என்பது இந்த வணிகத்தில் பழகிப்போன கணக்கு. சிதைந்துபோன நூலின் எஞ்சிய தாள்களைக் காப்பாற்றும் வழியாகவும் இது சில வேளைகளில் இருந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல நிலையில் உள்ள நூலைப் பிரிப்பது மன்னிக்கத் தக்கதன்று என்பதே என் கருத்து. அந்தப் பிரிவினையில் சூரிய மையத் தாளுக்குத்தான் தேவை மிகுதி. அது நம் காலத்தின் நம்பிக்கையோடு ஒத்துப் போகிறது. பக்கத்துத் தாளாக இருந்த டைக்கோவின் அமைப்பு வேறெங்கோ போய்ச் சேர்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் படங்கள் இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு விலக்கு. நியூரம்பெர்க்கின் யோகான் ஹோமன் பதிப்பகத்துக்காக யோகான் காப்ரியேல் டோப்பல்மையர் தொகுத்த சூரிய குடும்பப் படம், பிறகு அவருடைய 1742ஆம் ஆண்டு வான் அட்லஸின் 30 தகடுகளில் சேர்ந்தது. அதன் தலைப்பும் கோப்பர்நிக்கஸின் கருதுகோள் என்றே குறிப்பிட்டாலும், உள்ளே இருப்பது நம்பிக்கையோடு நிற்கும் படம். டச்சு வானியலர் ஹைகன்ஸின் கணக்குகளைத் தழுவியது அது. வியாழனின் நான்கு நிலவுகளையும் சனியின் ஐந்து நிலவுகளையும் காட்டுகிறது. 1706ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி ஐரோப்பாவைக் கடந்த சூரிய கிரகணத்தின் பாதையையும் வரைந்து காட்டுகிறது. இலண்டனில் வில்லியம் விஸ்டனும் ஜான் செனெக்ஸும் 1712 வாக்கில் வெளியிட்ட படம் இன்னும் துணிந்தது. ஆங்கில வானியலர் ஹாலி கணித்த வால்மீன்களின் பாதைகள் அதில் கோள்களின் வட்டங்களை ஊடறுத்துக்கொண்டு நீள்கின்றன. மேகமும் குழந்தைகளும் இல்லாத அந்தப் படம் அலங்காரத்துக்குச் சற்று வறண்டதுதான். ஆனால் சூரிய குடும்பத்தை இயங்கும் பொருளாகக் காட்டியதில் அது செல்லாரியுஸை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டது.

வீட்டுக்குள் சூரிய மையத்தை வைத்ததில் எல்லோரையும் மிஞ்சியவர் ஹாலந்தின் ஃபிரானேக்கர் ஊரைச் சேர்ந்த கம்பளித் தொழிலாளி ஐசே ஐசிங்கா. 1774 மே மாதம் பல கோள்கள் வானில் நெருங்கி வருவதைக் கண்டு உலகம் அழியும் என்ற அச்சம் பரவியபோது, கோள்கள் எப்படி இயங்குகின்றன என்பதைக் காட்ட அவர் தம் வீட்டு முன்னறையின் கூரையிலேயே சூரிய குடும்பத்தை அமைக்கத் தொடங்கினார். 1781இல் அது முடிந்தது. 1 மில்லிமீட்டருக்கு 10 இலட்சம் கிலோமீட்டர் என்ற அளவில், ஊசல் கடிகாரம் ஒன்றின் விசையால், மரப்பற்சக்கரங்களும் கையால் அடித்த ஆணிகளும் கொண்டு இயங்கும் அந்த அமைப்பு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அளவு குலையாமல் வரைய வேண்டும் என்றால் சுவர் போதாது, கூரை முழுவதும் வேண்டும் என்பதை அவர் செய்தே காட்டினார். அப்போதும் விண்மீன்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

இன்று இத்தகைய படத்தை வாங்க எண்ணுபவர், முதலில் தாம் வாங்குவது எந்தப் பேரண்டம் என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. செல்லாரியுஸின் தகடுகள் எல்லாம் ஒரே குடும்பச் சாயல் உடையவை. இலத்தீன் தெரியாத விற்பனையாளர் தாலமியின் படத்தையே கோப்பர்நிக்கஸ் என்று பெயரிட்டு விற்பதற்கு இடமுண்டு. மையத்திலிருந்து எண்ணிப் பார்த்தாலே போதும். நடுவில் சூரியன் இருந்து, மூன்றாம் வட்டத்தில் பூமியும் அதைச் சுற்றிச் சந்திரனின் சிறு வட்டமும் இருந்தால் அது கோப்பர்நிக்கஸ். நடுவில் பூமி இருந்து, அதற்கு மிக அருகில் சந்திரனும் நான்காவதாகச் சூரியனும் இருந்தால் தாலமி. நடுவில் பூமியும், அதைச் சுற்றும் சூரியனையே மையமாகக் கொண்ட வேறு வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் டைக்கோ.

அசல் என்று சொல்லி விலை கேட்கும்போது வேறு சில அடையாளங்களைப் பார்க்க வேண்டும். செப்புத் தகட்டின் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தும்போது தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும். விரலால் தடவினால் அது தெரியும். அக்காலத் தாள் கந்தலிலிருந்து கையால் செய்யப்பட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கம்பி வலையின் கோடுகளும் பெரும்பாலும் ஒரு நீர்க்குறியும் தெரியும். நூலில் கட்டப்பட்டிருந்ததால் நடுவில் செங்குத்தான மடிப்பு இருக்கும். வண்ணம் கையால் தீட்டப்பட்டது. அன்றைய பச்சை வண்ணம் செம்பிலிருந்து செய்யப்பட்டதாகையால், காலப்போக்கில் தாளையே அரித்துப் பின்புறத்தில் பழுப்புத் தடம் விட்டிருக்கும். இந்தப் பழுப்பு குறைபாடுதான். ஆனால் வண்ணம் பழையது என்பதற்கு அதைப் போன்ற நல்ல சாட்சி குறைவு. ஷெங்க், வால்க் ஆகியோரின் பெயர் படத்தில் பொறித்திருந்தால் அது 1708 அல்லது அதற்குப் பிந்தைய அச்சு. அதை 1660 என்று விற்பது தவறு. கணினியில் அச்சிட்ட மறுபதிப்பில் மேற்சொன்ன எதுவும் இராது. பழமையாகத் தோன்ற வேண்டுமென்று தாளுக்குப் பழுப்பு நிறம் ஏற்றியிருப்பார்கள். உண்மையான கந்தல் தாள் பல வேளைகளில் அந்தச் செயற்கைப் பழுப்பைவிட வெளுப்பாகவே இருக்கும்.

அசலைச் சட்டமிடுவோர் அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்து, கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விட்டு, நேர் வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும். அருங்காட்சியகங்களில் வண்ணம் தீட்டிய தாளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை. அது நம் வீடுகளின் பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இருட்டு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் இராமபாணப் பூச்சியும் வேறு இருக்கின்றன. அதனால் பெரும்பாலோருக்கு மறுபதிப்பே தக்கது என்பது என் எண்ணம். அதில் குறைவு எதுவும் இல்லை. காப்புரிமை எல்லாம் எப்போதோ கடந்துபோன இந்த அட்லஸின் முழுப் பிரதிகளைப் பல நூலகங்கள் நுட்பமாகப் படமெடுத்து இலவசமாகப் பார்வைக்கு வைத்திருக்கின்றன. அங்கிருந்து எடுத்து அச்சிடுகிறவர் ஒரே தாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. தாலமி, கோப்பர்நிக்கஸ், டைக்கோ ஆகிய மூவரின் வட்டப்படங்களையும் அசல் அளவில், ஏறத்தாழ அரை மீட்டர் அகலத்தில், அட்லஸில் வரும் வரிசையிலேயே சட்டமிட்டு அடுத்தடுத்து மாட்டுவதற்கு 2 மீட்டர் அகலமுள்ள சுவர் போதும்.